வடக்கு வீட்டு ரிவால்வர்

புரட்டாசி 4, சனி

காலையில் பெருமாள் கோயில், அங்கிருந்து நேராக ரைபிள் கிளப். புரட்டாசிச் சனியும் அதுவுமாகத் துப்பாக்கி தூக்க வேண்டுமா என்று சாந்தாமணி கேட்டாள். நான் சுடுவது அட்டையைத்தான், ஆட்டை இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் நகைச்சுவைக்கு அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கிளப் துப்பாக்கியில் சுட்டதில் ஒன்றும் உருப்படியில்லை. சுடுவதற்கு முன்பே மனம் கெட்டுவிட்டது. மேடைக்குக் கீழே இரண்டு காலித் தோட்டாக் கூடுகள் கிடந்தன. பித்தளை, குட்டை ரகம். இரண்டும் அடிப்பக்கம் தவளை வயிறு மாதிரி உப்பியிருந்தன. நேற்று சாயங்காலம் இங்கே யார் சுட்டது என்று காவலாளி மாரப்பனைக் கேட்டேன்.

"உங்க அண்ணனுங்க" என்றான்.

வடக்கு வீட்டுக்காரர் என்று சொல்லு போதும் என்றேன்.

அவர் வீடு பொழிக்கு வடக்கே, என் வீடு தெற்கே. வரப்பு மாதிரி ஒரு பொழிதான் நடுவில். பேச்சு நின்று மூன்று வருடம். பாகம் பிரித்தபோது நிலத்துக்கோ கிணற்றுக்கோ நான் வாய் திறக்கவில்லை. எங்கள் அப்பா, அய்யன், விட்டுப்போன ரிவால்வர் ஒன்றைத்தான் கேட்டேன். உரிமம் ஒருத்தர் பேரில்தான் ஆகும், பெரியவன் நான் இருக்கிறேன் என்றார். இருபது வருடமாக அதைக் குழந்தை மாதிரி வைத்திருந்தது நானல்லவா என்றேன். "தொடைக்கறவனுக்கெல்லாம் சொந்தம்னா, மாடு மேய்க்கறவனுக்குப் பண்ணையம் சொந்தமாடா?" என்றார். மாமன் மச்சான் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த இடத்தில். அன்றோடு சரி.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரிவால்வர் வெள்ளைக்காரன் காலத்தது. குழலை முன்பக்கம் மடித்தால் வயிறு திறக்கும், காலிக் கூடுகள் தானாக எழும்பும். மேலே ஒரு கொக்கிதான் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. எல்லா உதையும் அந்தக் கொக்கிக்குத்தான். அதற்கு நீளக் கூட்டில் ஈயக் குண்டு வைத்த, மருந்து குறைவான தோட்டாதான் போட வேண்டும். அவர் போட்டிருப்பது இந்தக் காலப் பிஸ்டலுக்கான தோட்டா. குட்டையாக இருந்தாலும் வேகம் ஜாஸ்தி, குண்டுக்குச் செம்புத் தோல் வேறு. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே '.32'தான் அச்சடித்திருக்கும், வயிற்றில் தோட்டா போடும் அறையில் போட்டால் அளவெடுத்த மாதிரி உட்காரவும் செய்யும். கோயில் வாசலில் காலுக்குச் சேர்கிற செருப்பெல்லாம் நம் செருப்பா?

கூடு உப்பியிருக்கிறது என்றால் இரும்பு திணறியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை. ரிவால்வரைப் பற்றித்தான்.

புரட்டாசி 5, ஞாயிறு

மகாளய அமாவாசை. அய்யனுக்குப் படைத்துக் காக்காய்க்குச் சோறு வைத்தேன். அந்தக் காக்காய் வடக்கே போய்த் தின்றுவிட்டுத்தான் இங்கே வந்தது. செத்த பிறகும் அய்யனுக்கு மூத்த மகன்தான் முதல்.

சாந்தாமணியும் நங்கையாவும், அதாவது வடக்கு வீட்டுக்காரரின் மனைவி லோகாம்பாவும், சண்டை இல்லாதவர்கள். கறிவேப்பிலை வாங்கப் போகிற சாக்கில் போகச் சொல்லி, அந்தத் தோட்டா ரிவால்வருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வா என்றேன். அரைமணி கழித்துக் கறிவேப்பிலையோடு பதிலும் வந்தது. வயிற்றெரிச்சலுக்கு டவுனில் நல்ல மருந்து கிடைக்கிறதாம்.

புரட்டாசி 6, திங்கள்

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மஞ்சள் காட்டை இரண்டு சுற்று சுற்றினேன். களை இல்லாத இடத்தில் களை பிடுங்கினேன்.

விஜயதசமிக்குக் கிளப்பில் பூஜைச் சூடு உண்டு. பழைய துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் ஆயுத பூஜையில் வைத்து எடுத்ததை மறுநாள் கொண்டுவந்து, மூத்தவர் கையால் மண்மேட்டைப் பார்த்துச் சுட வேண்டும். அய்யன் இருந்தவரை ரிவால்வரின் வயிறு நிறைய ஆறு தோட்டாவும் போட்டுச் சுடுவார். முதல் நாளே நான் துடைத்து, அறை அறையாக வெளிச்சத்தில் பார்த்து, தோட்டாவைத் துணியில் உருட்டிக் கொடுப்பேன். சென்ற இரண்டு வருடமும் வடக்கு வீட்டுக்காரர் அய்யன் வைத்திருந்த பழைய தோட்டாவைத்தான் போட்டுச் சுட்டார். அது தீர்ந்துபோய்க் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் உரிமத்தைப் பார்த்திருப்பார், '.32' என்று இருந்திருக்கும், எடுத்துக் கொடுத்திருப்பார். யாரைச் சொல்லி என்ன?

இந்த வருடமும் ஆறையும் சுடப்போகிறாராம். மாரப்பன் சொன்னான்.

புரட்டாசி 8, புதன்

கிளப் செயலாளரிடம் போனேன். பல் டாக்டர். என் வாயைப் பார்க்கிற ஞாபகத்திலேயே பேசினார். உப்பிய கூட்டை மேஜையில் வைத்து, கொக்கி கழன்றால் குழல் மடிந்து நெருப்பு பின்னால் வரும், அறை பிளந்தால் இரும்பு பக்கத்தில் தெறிக்கும் என்று சொன்னேன். அவர் கூட்டை உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு தொலைபேசியில் வடக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டே விட்டார். அங்கிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. உரிமத்தில் '.32', பெட்டியில் '.32', ரசீதிலும் '.32', ஏற்கெனவே இரண்டு சுட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை, எவன் வந்து கோள் சொன்னான் என்று தெரியும்.

டாக்டர் போனை வைத்துவிட்டு, "உங்க பாகப்பிரிவினையை எங்கிட்டக் கொண்டாராதீங்க சார்" என்றார். கிளப்புக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தது வடக்கு வீட்டுக்காரர் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டு சுட்டு ஒன்றும் ஆகவில்லையாம். கயிறு அறுகிற வரைக்கும் எந்தக் கயிறும் அறுவதில்லை.

போலீசில் சொல்லலாம். சொன்னால் உரிமம் போகும், கேஸ் வரும், இந்த வயதில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அதைச் செய்ய மாட்டேன். ரிவால்வர் போலீஸ் அறையில் துருப்பிடித்துப் போகும் என்பதால்.

புரட்டாசி 9, வியாழன்

கிணற்று மோட்டார் கருகிவிட்டது, கம்பிச் சுருள் கட்டக் கொடுத்தேன். தூக்கம் இல்லை.

புரட்டாசி 10, வெள்ளி

பேசாதவர்கள் பேசுவதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. மாட்டைப் பார்த்துப் பேசுவது. காலையில் அவர் பொழிக்கு அந்தப் பக்கம் தென்னைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் எருமையைக் கட்டினேன்.

"ஏ எருமை, நீளத் தோட்டா போடற எடத்துல குட்டைத் தோட்டாவப் போட்டா அந்த இரும்பு தாங்குமா? தொண்ணூறு வருசத்து இரும்பு. அது கெட்டா ஊர்ல ஒருத்தனாலயும் செய்ய முடியாது."

எருமை அசை போட்டது. அந்தப் பக்கம் மண்வெட்டி நின்றது. அவர் தன் நாயைக் கூப்பிட்டார்.

"ஏ மணி, கெடைக்காத திராட்சைய எவனோ புளிக்குதுங்கறான் பாரு. நீ போய்க் குலைச்சுட்டு வா."

நாய் நிஜமாகவே வந்து என்னைப் பார்த்துக் குலைத்தது. அதற்குப் போன தீபாவளிக்குக் கறி போட்டது நான்.

நான் விடவில்லை. செம்புத் தோல் குழலின் வரிகளைத் தேய்த்துவிடும், கொக்கி இளகும் என்று எருமையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு தெரிந்த எருமை இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அவர் கடைசியாக நாயிடம் சொன்னது, "எவன் வந்து தடுத்தாலும் விஜயதசமியன்னிக்கு ஆறும் போடுவேன். வேணும்னா ஏழு போடுவேன்." வயிற்றில் ஆறு அறைதான் என்பதுகூட மறந்துபோகிற அளவு கோபம்.

நான் எவ்வளவு சொல்கிறேனோ அவ்வளவு முறுக்கிக்கொள்கிறார். சும்மா இருந்திருந்தால் ஒன்றிரண்டு சுட்டுவிட்டு வைத்திருப்பார். இப்போது நான்தான் ஆறும் போட வைத்திருக்கிறேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

சாந்தாமணி காப்பி கொடுக்கும்போது, "நேத்துத் தூக்கத்துல அண்ணா, அண்ணான்னு கூப்பிட்டீங்க" என்றாள். நான் தூங்கவே இல்லை, எப்படிக் கூப்பிட முடியும் என்று கேட்டேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏழெட்டு வயதில் இதே கிணற்றில் வழுக்கி விழுந்தேன். மேலே வந்தபோது என் தலைமயிரை ஒரு கை பிடித்திருந்தது. வலது கை. வலியில் உயிர் போனது, ஆனால் வடக்கு வீட்டுக்காரர் விடவில்லை. அய்யன் வந்து இரண்டு பேரையும் தூக்கிய பிறகும் மயிரை விடவில்லை. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. ரிவால்வர் சம்பந்தமாக எதுவும் இல்லை.

புரட்டாசி 13, திங்கள்

வாழைக்கன்று, மாவிலை, சந்தனம் வாங்கினேன். பொரிக்கடையில் கூட்டம். பக்கத்தில் நின்ற ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை, நெல் மெஷினில் போயிருக்கும். சில்லறையை இடது கையால் பொறுக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுப் பொரி வாங்காமலே வந்துவிட்டேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

இன்று காலை பதினொரு மணிக்கு நங்கையா பொழியில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"தம்பி, அவிய டவுனுக்குப் பூசணிக்காய் வாங்கப் போயிருக்காங்க. துப்பாக்கிய நாளைக்குப் பூசைக்கு எடுத்து வெச்சிருக்காங்க. தேங்காண்ணெய ஊத்தி, அது நெம்பக் கோரமா இருக்குதுங். வந்து துடைச்சுக் குடுங்க."

போனேன். பூஜையறையில் தாம்பாளத்தில் இருந்தது. தேங்காய் எண்ணெய் ஊறி, போன வருடத்துச் சந்தனமும் குங்குமமும் தோட்டாவைத் தட்டும் சுத்தியலின் சந்துக்குள் காய்ந்து கட்டியாக இருந்தது. துப்பாக்கிக்குப் போடக் கூடாத எண்ணெய் எதுவோ அதைத்தான் நம் ஆட்கள் பக்தியோடு போடுவார்கள். நங்கையா காப்பி போட அடுக்களைக்குப் போனார். நான் மடித்துத் திறந்தேன். காலியாகத்தான் இருந்தது. தோட்டாப் பெட்டி பீரோவில், சாவி வடக்கு வீட்டுக்காரர் இடுப்பில்.

துணியால் துடைத்தேன். முதலில் குழல், பிறகு அறைகள், பிறகு கொக்கி. ரிவால்வரை மூடி ஜன்னல் பக்கம் பிடித்தேன். கொக்கிக்கும் அதன் பிடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. முன்பு ஒரு தாள் நுழையாது. ஒரு அறையின் வெளிப்பக்கம், பள்ளமாகக் காடி வெட்டிய இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கோடு. அழுக்காக இருக்கும் என்று நகத்தால் கீறினேன். அழுக்கு இல்லை.

இரண்டு தோட்டாவுக்கே இது. ஆறாவதுக்கு இது தாங்காது. மூன்றாவதுக்கே தாங்காது.

நங்கையாவிடம் சொல்லலாமா என்று அடுக்களைப் பக்கம் பார்த்தேன். சொன்னால் அவர் புருஷனிடம் சொல்வார், அந்தக் கோடும் என் புளித்த திராட்சைக் கதையாகிவிடும்.

கொறடு எடுக்க என் வீட்டுக்குப் போய் வந்தேன். காப்பி ஆறிவிட்டது. ஒரு வேலை செய்தேன். அதை இன்று எழுத முடியாது.

புரட்டாசி 15, புதன், ஆயுத பூஜை

டிராக்டர், மருந்தடிக்கும் மிஷின், மோட்டார், மண்வெட்டி, அரிவாள், சாந்தாமணியின் மிக்சி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். கொறடுக்கும் வைக்கப் போனவன் அதைப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டேன்.

வடக்கு வீட்டில் மணியடித்தது கேட்டது. சாந்தாமணி என் முகத்தைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, புகை என்றேன். கண்ணீர் நிற்கவில்லை. சாம்பிராணி அவ்வளவாகப் போடவில்லை என்றாள்.

புரட்டாசி 16, வியாழன், விஜயதசமி

இந்த வருடம் காந்தி ஜெயந்தியும் இன்றே. இன்றைக்குச் சுடலாமா என்று கிளப்பில் வாதம் நடந்து, சுடுவது மண்மேட்டைத்தான் என்று முடிவானது. குழு போட்டால் எதற்கும் சமாதானம் கிடைக்கும்.

நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆறு மணிக்கே போய் நின்றேன்.

வடக்கு வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டோடு வந்தார். ரிவால்வர் உடம்பெல்லாம் புதுச் சந்தனம், சுத்தியல் மேல் பெரிய குங்குமப் பொட்டு. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஆறு குட்டைத் தோட்டாவையும் ஒவ்வொன்றாகப் போட்டார். மேடையில் நின்று கையை நீட்டினார். வலது கை.

டக்.

சத்தம் இல்லை. டாக்டர் ஓடிவந்து, அப்படியே மேட்டைப் பார்த்துப் பிடியுங்கள், தாமதமாக வெடிக்கலாம் என்றார். எல்லோரும் காத்திருந்தோம். மறுபடி டக். மறுபடி. கடைசி வரைக்கும் டக், டக்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். திறந்து கொட்டியபோது ஆறு தோட்டாவின் பிட்டத்திலும் ஒரு தழும்புகூட இல்லை.

அவர் குங்குமத்தைக் கட்டைவிரலால் வழித்துச் சுத்தியலைப் பார்த்தார். தோட்டாவைக் குத்துகிற மூக்கு அங்கே இல்லை. முறிந்த இடம் புது இரும்பாக மின்னியது. அவர் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடியது தெரிந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது எழுதுகிறேன். அந்த மூக்கை உடைத்தது நான். கொறடால் பிடித்து ஒரே நெரி. எனக்கு அதன் ஒவ்வொரு துண்டும் தெரியும் என்பதால் ஒரே நெரியில் போயிற்று. சத்தம்கூட வரவில்லை. காலித் துப்பாக்கியில் சுத்தியலைத் தட்டினால் மூக்கு தேயும் என்று இருபது வருடம் யாரையும் தட்ட விடாதவன் நான். அந்தத் துண்டைக் கிணற்றில் போட்டேன். அந்த மாதிரி மூக்கு இனி எங்கும் கிடையாது, செய்யவும் ஆளில்லை. ரிவால்வர் முடிந்தது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பால் கறந்துகொண்டிருந்தேன். அண்ணன் பொழியைத் தாண்டி வந்தார். செருப்பில்லாமல். சாந்தாமணி உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரவில்லை. எழுந்து நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"நீதானா கந்தா?"

"ஆமாங்ணா."

அவர் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். பிறகு, "கை கழுவாம அதை என்னைக்கூடத் தொட உடமாட்டயே. அதையா ஒடச்சே?" என்றார்.

"ஆமாங்ணா."

"அது வேணும்னுதான மூணு வருசமாப் பேசாம இருந்தே."

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆசைப்பட்டவன் உடைக்க மாட்டான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப நெசமாலுமே வெடிச்சிருக்குமா?"

அறையில் விழுந்த கோட்டைச் சொன்னேன். கொக்கியில் தெரிந்த வெளிச்சத்தைச் சொன்னேன். அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது, துண்டால் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டத் தொடங்கினார்.

"ஏண்டா, எருமைகிட்டச் சொன்னே, டாக்டர்கிட்டச் சொன்னே, உன்ற பொண்டாட்டிய உட்டுச் சொன்னே. அத்தனை தடவையும் அதுக்கு ஆகாது, அது கெட்டுப்போகும்னுதான சொன்னே. ஒருக்காவாச்சு எனக்கு ஆகாதுன்னு சொன்னயா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. இந்த நாட்குறிப்பில்கூட எழுதவில்லை.

"உங்களுக்கு ஆகாதுங்ணா" என்றேன்.